லத்தியால் பெற முடியாத ஒத்துழைப்பு

தொற்றுநோய் பரவும் காலங்களில் ஆளும் வட்டாரங்களிலிருந்தும் பெரும் ஊடகங்களிலிருந்தும் தவறாமல் எழும் குரல் ஒன்று உண்டு. "நம் மக்களுக்குப் பொறுப்பில்லை, சொன்னால் கேட்க மாட்டார்கள், அடித்தால்தான் கேட்பார்கள்" என்பதே அது. கோவிட் காலத்தில் இந்தக் குரலை நாடு நாள்தோறும் கேட்டது. மருந்து வாங்கவும் வேலை தேடியும் சாலைக்கு வந்தவர்களைக் காவலர்கள் தோப்புக்கரணம் போடவைத்த காட்சிகள் கேளிக்கையாகப் பரப்பப்பட்டன. இன்னொரு பெருந்தொற்று வந்தால் இதே குரல் மீண்டும் ஒலிக்கும். அதற்கு முன்பே, சுகாதாரக் கட்டுப்பாடுகளை மக்கள் ஏன் ஏற்கிறார்கள், எப்போது ஏற்க மறுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இடதுசாரி இயக்கம் தெளிவான விடையைக் கொண்டிருக்க வேண்டும்.

நம் நாட்டின் ஒன்றேகால் நூற்றாண்டு அனுபவம் அந்த விடையைத் தருகிறது. மக்கள் ஒரு கட்டுப்பாட்டை ஏற்பதற்கு மூன்று நிலைமைகள் தேவை. முதலாவதாக, அதைக் கடைப்பிடிக்க அவர்களால் இயல வேண்டும். இரண்டாவதாக, அதைச் சொல்பவரை அவர்கள் நம்ப முடிய வேண்டும். மூன்றாவதாக, அதை நிறைவேற்றுவதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். இம்மூன்றும் மக்களின் பிறவிக் குணத்தைச் சார்ந்தவை அல்ல. ஆட்சியின் தன்மையைச் சார்ந்தவை.

நான்கு மணி நேர அவகாசம்

2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தோன்றிய பிரதமர், நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் பொது முடக்கம் என்று அறிவித்தார். 130 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். கூலி இழப்பவர்களுக்கு என்ன வழி, வாடகை தர முடியாதவர்கள் எங்கே தங்குவது, வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் ரேஷன் பொருள்களை எப்படிப் பெறுவது என்ற கேள்விகளுக்கு அந்த உரையில் விடை இல்லை.

அப்படியிருந்தும் மிகப் பெரும்பான்மையான மக்கள் அந்த முடக்கத்தை ஏற்றனர் என்பதை மறந்துவிடலாகாது. தங்கள் பிழைப்பு அறுபடுவதை அறிந்தே உழைக்கும் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தனர். நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற புலம்பெயர் தொழிலாளர்களை விதிமீறியவர்கள் என்று சித்தரித்தது அநீதியின் உச்சம். வீட்டில் இரு என்ற கட்டளையை நிறைவேற்ற வீடு வேண்டும். வேலை செய்த பட்டறையிலேயே படுத்து உறங்கியவருக்குப் பட்டறை மூடப்பட்டவுடன் தங்குமிடமும் பறிபோனது. குடும்ப அட்டை சொந்த ஊரில் இருந்தது. கையிருப்பு சில நாட்களில் கரைந்தது. தில்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் சில நாட்களுக்குள் திரண்ட பல்லாயிரக்கணக்கானோர் நோயைக் கண்டு அஞ்சாதவர்கள் அல்லர். பசி நோயைவிட அருகில் வந்துவிட்டதை உணர்ந்தவர்கள்.

மார்ச் 31 அன்று, சாலைகளில் இப்போது எவரும் நடக்கவில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மே 8 அன்று, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பப் புறப்பட்டு, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் ஊர் திரும்பியதாகப் பின்னர் நாடாளுமன்றத்தில் கூறிய அரசு, வழியில் இறந்தவர்களைப் பற்றிய விவரம் தன்னிடம் இல்லை என்றும் கூறியது. எண்ணப்படவே தகுதியற்றவர்களாகத் தங்களை நடத்தும் அரசின் அடுத்த கட்டளையை மக்கள் எந்த மனநிலையில் ஏற்பார்கள்?

1897இன் பாடம்

கோவிட் முடக்கத்தின்போது மாநில அரசுகள் கையில் எடுத்த சட்டங்களுள் ஒன்று 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம். அது பிறந்த சூழலை நினைவுகூர்வது அவசியம். 1896 செப்டம்பரில் பம்பாயில் கொள்ளைநோய் கண்டறியப்பட்டது. பருத்தி வணிகமும் கப்பல் போக்குவரத்தும் தடைப்படும் என்று அஞ்சிய காலனி ஆட்சி, அடுத்த பிப்ரவரியில் இச்சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. பூனாவில் வால்டர் சார்லஸ் ராண்ட் தலைமையிலான குழு, ராணுவச் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பியது. பெண்கள் வெளியே இழுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன, நோயுற்றவர்கள் குடும்பத்திடமிருந்து பிரித்துச் செல்லப்பட்டனர்.

விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், மரணங்களை மறைத்தனர். பம்பாயில் 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். சில மாதங்களுக்குள் அந்நகரிலிருந்து லட்சக்கணக்கானோர் வெளியேறினர். அவர்களோடு நோயும் ஊர்களுக்குச் சென்றது. 1897 ஜூன் 22 அன்று ராண்ட் சுடப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் காலனி ஆட்சியே கட்டாயத்தைத் தளர்த்தி, உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பை நாட வேண்டியதாயிற்று. மனம் மாறியதால் அல்ல, கட்டாயம் நோயைத் தடுக்கவில்லை என்பதை அது கண்டுகொண்டதால்.

அதே பூனாவில், அதே மாதங்களில், சாவித்திரிபாய் பூலேயும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்தும் கொள்ளைநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை இடத்தை நடத்தினர். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளிலிருந்து நோயாளிகளை எடுத்துவந்து பராமரித்த சாவித்திரிபாய், அதே நோய் தொற்றி 1897 மார்ச் 10 அன்று உயிர்நீத்தார். துப்பாக்கியோடு வந்து நோயாளியைக் கொண்டுசென்றது ஆட்சி. தன் தோளில் சுமந்து சென்றது சமூக நீதி இயக்கம். பொது சுகாதாரத்தின் இரு வழிகளை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு இல்லை.

நம்பிக்கை இழப்பின் விலை

நம்பிக்கையை ஒரு முறை உடைத்துவிட்டால் அதன் விளைவு தலைமுறை கடந்தும் தொடரும். அவசரநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. இலக்கை எட்டுவதற்காக ஊதியம் நிறுத்தப்பட்டது. ஏழைகளும் தலித்துகளும் இஸ்லாமியர்களும் வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டனர். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், அதே மேற்கு உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துடன் சென்ற ஊழியர்கள் முன் கதவுகள் அடைக்கப்பட்டன. இது குழந்தைகளை மலடாக்கும் மருந்து என்ற வதந்தி பரவியிருந்தது. வதந்தி பொய், அது வேர்பிடித்த நிலமோ உண்மையான அனுபவத்தால் உழப்பட்டிருந்தது. மக்கள் இன்னொன்றையும் கேட்டனர். குடிநீர் இல்லை, சாக்கடை இல்லை, காய்ச்சலுக்கு மருந்து இல்லை, ஆனால் இந்தச் சொட்டு மருந்தை மட்டும் மீண்டும் மீண்டும் வாசலுக்கே கொண்டுவருவது ஏன்? அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது.

மிரட்டல் அங்கு பயன் தரவில்லை. அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற நிறுவனங்களும் உள்ளூர்ச் சமயப் பெரியோர்களும் இணைந்தனர். சொட்டு மருந்தோடு வயிற்றுப்போக்குக்கான சிகிச்சை, கைகழுவும் பழக்கம், வழக்கமான தடுப்பூசிகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இப்பிராந்தியம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. காவலர்களால் திறக்க முடியாத கதவுகளை அண்டைவீட்டுப் பெண்கள் திறந்தனர்.

கேரளமும் தாராவியும்

கோவிட் காலத்திலும் மாற்று வழி இருந்தது. இந்தியாவின் முதல் தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டது. அப்போது அங்கிருந்த இடது ஜனநாயக முன்னணி அரசு, நாடு தழுவிய முடக்கத்துக்கு ஐந்து நாட்கள் முன்பே, மார்ச் 19 அன்று, 20,000 கோடி ரூபாய்க்கான நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. அட்டையின் நிறம் பாராமல் எல்லாக் குடும்பங்களுக்கும் மளிகைப் பொருள்கள் வழங்கப்பட்டன. உள்ளாட்சி அமைப்புகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சமூக சமையற்கூடங்களை நடத்தினர். வெளிமாநிலத்தவர் விருந்தினர் தொழிலாளர் என்று அழைக்கப்பட்டு, முகாம்களில் உணவும் தங்குமிடமும் பெற்றனர். மாலைதோறும் முதலமைச்சர் பினராயி விஜயன் செய்தியாளர்களைச் சந்தித்து எண்ணிக்கைகளை வெளியிட்டுக் கேள்விகளுக்கு விடையளித்தார். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் வாசல் கடக்காதிருந்ததற்குக் காரணம், தேவையான பொருள் வாசலுக்கு வந்ததே.

இது ஓரிரவில் விளைந்ததன்று. நிலச்சீர்திருத்தம், பொதுப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் ஆகியவற்றின் பல பத்தாண்டுகால விளைவு. அங்கும் அபராதங்கள் இருந்தன. காவல் துறையின் வரம்பு மீறல் குறித்து விமர்சனங்கள் எழுந்தன. 2021 நடுப்பகுதியில் தொற்று எண்ணிக்கை உயர்ந்தபோது எதிரிகள் எள்ளி நகையாடினர். ஆனால் அதே ஆண்டு ஜூன்-ஜூலையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், எதிர்ப்பணு கொண்டோர் நாட்டளவில் மூன்றில் இரண்டு பங்காகவும் கேரளத்தில் சுமார் 44 விழுக்காடாகவும் இருந்தனர். ஆய்வு செய்யப்பட்ட மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. தடுப்பூசி வந்து சேரும்வரை பாதிக்கும் மேற்பட்ட மக்களைத் தொற்றிலிருந்து காத்தது அந்த ஒத்துழைப்பு.

இடதுசாரி ஆட்சி உள்ள இடத்தில் மட்டுமே இது சாத்தியம் என்று கருத வேண்டியதில்லை. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மும்பை தாராவியில் பல லட்சம் மக்கள் மிகக் குறுகிய பரப்பில் நெருங்கி வாழ்கின்றனர். பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையையே பயன்படுத்துகின்றனர். இடைவெளி விட்டு நில்லுங்கள் என்ற அறிவுரைக்கு அங்கே பொருளே இல்லை. 2020 ஏப்ரல் 1 அன்று முதல் தொற்று கண்டறியப்பட்டபோது பேரழிவே எதிர்பார்க்கப்பட்டது. மாநகராட்சி ஊழியர்களும் அப்பகுதி மக்களுக்குப் பழக்கமான தனியார் மருத்துவர்களும் வீடு வீடாகச் சென்று பரிசோதித்தனர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. அங்கே உணவும் மருத்துவமும் இலவசமாகக் கிடைத்தன. பலர் ஊர் திரும்பிவிட்டதும் நெரிசலைக் குறைத்தது உண்மை. ஆயினும் வீட்டில் இயலாத தனிமையை வேறிடத்தில் இயலச் செய்ததால்தான் மக்கள் முன்வந்து தங்கள் காய்ச்சலைத் தெரிவித்தனர். ஜூலை தொடக்கத்தில் ஒரு நாளின் புதிய தொற்று ஒன்றாகக் குறைந்தது. உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

ஆட்சியாளர்களின் நடத்தை

கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவானது என்று தெரிந்தால் மக்கள் சுமையைத் தாங்குவார்கள். விதியை விதித்தவரே மீறுவதைக் கண்டால் அதன் மதிப்பு அன்றே அழிந்துவிடும். 2021 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சர், நாடு பெருந்தொற்றின் இறுதிக் கட்டத்தில் இருப்பதாக அறிவித்தார். ஏப்ரலில் ஹரித்துவாரில் கும்பமேளா நடந்தது. மேற்கு வங்கத் தேர்தல் கூட்டத்தில் திரண்ட பெருங்கூட்டத்தைக் கண்டு பிரதமர் மகிழ்ச்சி தெரிவித்தார். அதே வாரங்களில் தில்லியில் ஆக்சிஜன் இன்றி நோயாளிகள் மூச்சுத்திணறினர். மே மாதத்தில் பக்சரிலும் காஜிப்பூரிலும் கங்கையில் பிணங்கள் மிதந்தன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாகக் குறிப்பாக எந்த மரணத்தையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு கூறியது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நிகழ்ந்திருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. இது அரசுக் கணக்கைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அந்த மதிப்பீட்டை ஏற்க அரசு மறுத்தது. தன் குடும்பத்தில் நேர்ந்த சாவு கணக்கில் இல்லை என்று அறிந்தவர், அரசு தரும் வேறு எந்தக் கணக்கை நம்புவார்?

நோய்க்கு மதச் சாயம் பூசியது இதைவிடக் கொடியது. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தைக் காட்டி, ஒரு சமூகத்தையே நோய் பரப்பும் கூட்டமாகச் சித்தரித்தனர். பழ வியாபாரிகள் புறக்கணிக்கப்பட்டனர். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. நோயுற்றிருப்பதைச் சொன்னால் குற்றவாளியாக்கப்படுவோம் என்ற அச்சம் பரவிய இடத்தில் எவர் முன்வந்து சோதனை செய்துகொள்வார்? வகுப்புவாதம் ஒற்றுமையைக் குலைப்பதோடு நோய்த்தடுப்பையும் குலைக்கிறது.

கட்டாயம் யார் மீது?

அப்படியானால் கட்டாயமே கூடாதா என்ற கேள்வி எழும். தொற்றுநோயில் ஒருவரின் செயல் பலரின் உயிரைப் பாதிக்கிறது. ஆகவே பொது விதிகளும் அவற்றை நிறைவேற்றும் அதிகாரமும் தேவைதான். தனிமனித சுதந்திரத்தின் பெயரால் முகக்கவசத்தையும் தடுப்பூசியையும் எதிர்க்கும் வலதுசாரிப் போக்குக்கு இடதுசாரிகள் இடமளிக்க முடியாது. கோமியத்தையும் அப்பளத்தையும் மருந்தாக முன்வைத்த மூடத்தனத்தையும் அப்படியே எதிர்க்க வேண்டும். எனவே, கட்டாயம் உண்டா இல்லையா என்பதைவிட, அது எந்த வர்க்கத்தின் மீது பாய்ந்தது என்பதையே கேட்க வேண்டும்.

முடக்கக் காலத்துக்கு ஊதியத்தை முழுமையாக வழங்க வேண்டும் என்று முதலாளிகளுக்கு 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. இரண்டு மாதம்கூட முடியுமுன் அதுவே அந்த உத்தரவை விலக்கிக்கொண்டது. ஊதியம் தராத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் கூறியது. குஜராத் அரசு தொழிற்சாலை வேலை நேரத்தை 12 மணியாக்கி, கூடுதல் நேரத்துக்கான இரட்டை ஊதியத்தையும் மறுத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. மறுபுறம், பரேலியில் ஊர் திரும்பிய தொழிலாளர்களைத் தரையில் உட்காரவைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சினர். சாத்தான்குளத்தில், குறித்த நேரத்துக்குப் பின் கடை திறந்திருந்ததாகக் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி உயிரிழந்தனர். முதலாளியிடம் அறிவுரையும் உழைப்பாளியிடம் லத்தியும் என்பதே அன்றைய பெருந்தொற்று நிர்வாகம்.

தடுப்பூசியிலும் இதையே கண்டோம். மக்கள் தயங்குகிறார்கள் என்று ஒரு பக்கம் கூறிக்கொண்டே, 2021 மே 1 முதல் மத்திய அரசுக்கு ஒரு விலை, மாநிலங்களுக்கு ஒரு விலை, தனியார் மருத்துவமனைகளுக்கு வேறொரு விலை என்ற கொள்கையை அரசு கொண்டுவந்தது. திறன்பேசி இல்லாதவர் முன்பதிவே செய்ய முடியவில்லை. மாநில அரசுகளும் இடதுசாரிகளும் எதிர்த்து, உச்ச நீதிமன்றமும் கடிந்துகொண்ட பிறகே அக்கொள்கை மாற்றப்பட்டது. அதன்பின் தடுப்பூசி இலவசமாகவும் அருகிலும் கிடைத்தபோது மக்கள் வரிசையில் நின்றனர். நாடெங்கும் செலுத்தப்பட்ட தவணைகள் 200 கோடியைக் கடந்தன.

நம் முன் உள்ள கடமைகள்

1897ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சில பிரிவுகளே கொண்ட அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. கடமை எதையும் விதிக்கவில்லை. கோவிட் காலத்தில் சேர்க்கப்பட்ட திருத்தமும் தண்டனைகளையே கூட்டியது. இதன் போதாமையை 2024இல் அளித்த அறிக்கையில் சட்ட ஆணையமே ஒப்புக்கொண்டது. புதிய சட்டம் வரும்போது அதிகாரத்தை மேலும் குவிப்பதற்கே முயற்சி நடக்கும். முடக்கம் விதிக்கும் அரசு உணவும் வருமானமும் தங்குமிடமும் தரக் கடமைப்பட்டது என்பதும், தனிமைப்படுத்தப்படும் தொழிலாளிக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு என்பதும், நோய் விவரங்களை மறைக்கலாகாது என்பதும், மாநிலங்களையும் உள்ளாட்சிகளையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் இடம்பெறப் போராட வேண்டும்.

2025க்குள் பொது சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்களித்தது. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. நம்பிக்கையை வீடு வீடாகக் கொண்டுசெல்பவர்கள் சுமார் பத்து லட்சம் ஆஷா ஊழியர்கள். உலக சுகாதார அமைப்பு அவர்களுக்கு 2022இல் விருது அளித்தது. அரசோ அவர்களை இன்னும் தன்னார்வலர் என்றே அழைக்கிறது. பெருந்தொற்றின் நடுவே, 2020 ஆகஸ்ட் 7, 8 தேதிகளில், அவர்கள் பிற திட்டப் பணியாளர்களோடு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது. அதை நிறைவேற்றக் கோருவது ஒரு பிரிவினரின் ஊதியக் கோரிக்கையாக மட்டும் இராது. அடுத்த பெருந்தொற்றுக்கான முன்னேற்பாடும் அதுவே.

கோரிக்கை எழுப்புவதோடு தோழர்களின் பணி முடிந்துவிடாது. கிளை இயங்கும் ஒவ்வொரு தெருவிலும் ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி இயங்குகிறது, ரேஷன் கடையில் யாருக்குப் பொருள் கிடைக்கவில்லை, வெளிமாநிலத் தொழிலாளர்கள் எங்கே தங்கியுள்ளனர், துணையின்றி வாழும் முதியோர் யார் என்பவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு மக்களிடம் சென்று நம்பிக்கையைக் கேட்க முடியாது. நோயற்ற நாட்களில், அவர்களின் அன்றாடப் போராட்டங்களில் உடன் நின்று அதை ஈட்ட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் யாருடைய சொல்லைக் கேட்பார்கள் என்பது பெருந்தொற்று வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது.